பாய்மரப் படகும் பெயர் அட்டைகளும்

ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முதலாக வெற்றி பெற்ற பெண் யார்? அவர் ஓட்டக்காரர் அல்லர். நீச்சல் வீராங்கனையும் அல்லர். பாய்மரப் படகில் சென்றவர். ஹெலன் டி போர்தலேஸ் என்பது அவர் பெயர்.

1868-ல் நியூயார்க்கில் பிறந்த ஹெலன், ஹெர்மான் என்ற சுவிஸ் பிரபுவை 1891-ல் மணந்தார். 1896-ல் நடந்த முதல் ஒலிம்பிக்கில் பெண்களே இல்லை. 1900-ல் பாரிஸில் 997 பேர் போட்டியிட்டனர். அவர்களில் பெண்கள் 22 பேர்தாம். அவ்வாண்டு மே 22 அன்று, பாரிஸுக்கு அருகே செய்ன் ஆற்றில் நடந்த ஒன்று முதல் இரண்டு டன் வரையிலான படகுகளின் பந்தயத்தில், கணவரும் அவருடைய உறவினரும் உடனிருக்க, ஹெலன் சென்ற 'லெரினா' முதலிடம் பெற்றது.

இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதன்று. படகின் நீளம், சுற்றளவு, பாயின் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்ட ஒரு மதிப்பாகும். பாயில் காற்று மோதும்போது படகு ஒரு பக்கம் சாயும். படகிலுள்ளோர் எதிர்ப்பக்கம் நகர்ந்து தம் உடல் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். எனவே வெற்றி ஒருவருடையதன்று, எல்லாருடையதுமாகும்.

1914-ல் உலகப் போர் மூண்டது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, ஜெனீவாவில் போர்க்கைதிகள் பற்றிய தகவல் நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே உழைத்த தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வேலை என்ன? இருக்கன்குடியில் ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைத் தேடும் தாய் ஒரு மூலையில் நிற்கிறாள். அப்பிள்ளையைக் கண்டெடுத்தவர் வேறொரு மூலையில் நிற்கிறார். இருவரையும் யாராவது சேர்த்து வைக்க வேண்டுமல்லவா? "என் மகன் எங்கே?" என்று வந்த கடிதம் ஓர் அட்டையாகும். பகைநாடு அனுப்பிய கைதிகள் பட்டியலில் உள்ள பெயர் மற்றோர் அட்டையாகும். இரண்டையும் அகரவரிசையில் அடுக்கினால், ஒரே பெயருக்குரிய அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேரும். உடனே வீட்டுக்குச் செய்தி போகும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அட்டைகள் சேரா. ஒரு தாய்க்குப் பதில் கிடைக்காது.

இந்தக் கவலை நம் நாட்டிலும் இருந்தது. 1916 ஏப்ரலில் மெசபடோமியாவின் குட் நகரில் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியரே.

1917-ல் செஞ்சிலுவைக் குழுவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹெலன் 1945-ல் காலமானார். அந்நிலையத்தில் சேர்ந்த சுமார் 70 இலட்சம் அட்டைகள் ஜெனீவாவில் பாதுகாக்கப்படுகின்றன. 2007-ல் யுனெஸ்கோ அவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. இன்று கணிப்பொறியிலும் அவற்றைக் காணலாம்; ஒரு நூற்றாண்டுக்கு முன் காணாமற்போன முன்னோரை அவற்றில் தேடுவோர் இன்றும் உண்டு.