பழவேற்காட்டு மரக்கலங்களும் இரு நாட்காட்டிகளும்

மலாய் நாட்டார் ‘பெலிகாட்’ என்றழைக்கும் கைலி, பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. அவ்வூர்த் துணியைக் கிழக்கே கொண்டு சென்ற கடல் வணிகருள் நம் மரக்காயர் முன்னோரும் இருந்தனர். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியதும் அத்துணி வாணிபத்தை நாடியே.

நோன்புக்குப் பிறை பார்த்த அம்மக்கள், பாய் விரிக்கப் பிறையை நம்பியிருக்க இயலாது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமளானும் துல்ஹஜ்ஜும் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். காற்றோ சூரியனின் வழி நடப்பது. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், கப்பல் புறப்படும் காலத்தைப் பாரசீக நைரூஸ் நாளிலிருந்து எண்ணியே குறித்தார். தமிழ்க் கரையில் அவ்வேலையைத் தமிழ் மாதங்கள் செய்தன. (‘மான்சூன்’ என்ற சொல்லே அரபியின் ‘மவ்ஸிம்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஹஜ் காலத்தையும் அரபியர் அச்சொல்லாலேயே குறிப்பர்.)

நாளைப் பிசகினால் உயிர்ச்சேதம். பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் ஆழமற்றது. மணல் அடைத்து அடிக்கடி தூர்ந்துபோவது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. 1746 அக்டோபரில் சற்றுத் தெற்கே, சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை ஒரே இரவுப் புயல் சிதைத்தது. 1984 நவம்பரில் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்தே பெரும்புயல் கரை கடந்தது. ஏரிக்கரை மீனவக் குப்பங்கள் இன்றும் அம்மாதங்களில் வானத்தைப் பார்த்தே வலையெடுக்கின்றன.

இவ்விரு கணக்குகளும் ஹஜ் பயணத்தில்தான் நேருக்கு நேர் சந்தித்தன. செங்கடலுக்குச் செல்ல வடகிழக்குக் காற்று வேண்டும். திரும்பத் தென்மேற்குக் காற்று வேண்டும். 1630இல் ஹஜ் ஜூலையில் அமைந்தது. அவ்வாண்டு சூரத்தில் கப்பலேறியவர் வசந்தத்தில் ஜித்தா சேர்ந்து, கடமையை முடித்து, ஆகஸ்ட் காற்றில் திரும்பியிருக்கலாம். 1614இலோ ஹஜ் ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே சென்று காத்திருந்தவர், ஊர் திரும்ப ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கும். கடனை அடைத்து, குடும்பத்துக்கு ஏற்பாடு செய்து, மரண சாசனம் எழுதிவைத்து அக்காலத்தவர் புறப்பட்டது வெறும் சடங்கன்று.

விமானம் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் பருவம் நம்மை விட்டுவிடவில்லை. 2024 ஜூன் ஹஜ்ஜில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. 1,300க்கும் மேற்பட்டோர் மரணமடைந்தனர். முதிய பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணும் குடும்பங்கள் பழைய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்: 2030இல் ஹஜ் ஏப்ரலிலும், 2033இல் மார்ச்சிலும் வரும், இன்ஷா அல்லாஹ்.