சோழவரம் ரேஸும் பின் ஆக்சில் ஆயிலும்

சோழவரம் ரேஸ் என்றால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து நம் வயதுக்காரர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் முதலில் ஞாபகம் வரும். எந்தக் கார் முதலில் வந்தது, யார் ஓட்டினார்கள் என்று இன்றும் திண்ணையில் உட்கார்ந்து வாதாடுகிறோம். எத்தனை கார்கள் முடிக்காமல் பாதியில் நின்றன என்று யாரும் பேசுவதில்லை. பாதியில் நின்றவற்றில் சிலவற்றுக்கு எஞ்சின் நன்றாகவே இருந்தது. கோளாறு பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தொங்கும் அந்த இரும்புக் குடத்துக்குள். டிஃப்ரன்ஷியல். பட்டறைப் பேச்சில் டிப்ரன்சல்.

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. மாதவரம், செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் அங்கே திரளாகப் போனதில் ஆச்சரியம் இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்ட் வந்தது. வீட்டுக்கு ஒருவர் ஸ்பேனர் பிடித்த காலம். (என்ஃபீல்ட்காரர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. பின்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் எதற்கு?)

மாட்டுவண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்சக்கரம் குறைவாக ஓடும். இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுவதால் சிக்கல் இல்லை. மோட்டார் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போக வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். 1820-களின் கடைசியில் பிரான்ஸில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பல்சக்கர ஏற்பாடு செய்து காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். பெரிய கிரவுன் சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன், கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூண்டுக்குள் சின்னச் சின்ன ஸ்பைடர் பற்சக்கரங்கள்.

ஆயிலைப் பற்றி முதல் நூறு வருஷம் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. கவலையைக் கொண்டுவந்தது 1926-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார். பினியனைக் கிரவுனின் மையத்துக்கு நேராக வைக்காமல் கீழே இறக்கி வைத்தார்கள். இதற்கு ஹைபாய்டு என்று பெயர். புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளுவதோடு நிற்காமல் நீளவாக்கில் உரசி வழுக்கவும் தொடங்கின. சாதா ஆயிலின் படலத்தை அந்த உரசல் துடைத்து எடுத்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஆயில் வந்தது. சூடும் அழுத்தமும் ஏறும்போது அது இரும்பின்மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். பழைய 90 நம்பர் ஆயிலின் அந்த அழுகல் வாடை கந்தகத்தின் வேலை. அது அங்கே மட்டும்தான் நல்லது. அதையே சில பழைய கியர்பாக்ஸ்களில் ஊற்றினால் உள்ளே உள்ள பித்தளை வளையங்களை அரித்துவிடும்.

நம் ஊர் ஃபியட், அம்பாசடர் எல்லாம் ஹைபாய்டு ஆக்சில்தான். சோழவரத்தில் ஓடியவையும் பெரும்பாலும் இவைதான். எஞ்சினைக் குடைந்து, எடையைக் குறைத்துக் கொண்டுவருவார்கள். இப்படி வேகம் கூட்டிய காருக்குள் நடப்பது வேறு கதை. சாதாரணமாக ரோட்டில் போகும்போது ஸ்பைடர் சக்கரங்களுக்கு அதிக வேலை இல்லை, திருப்பத்தில் மெல்லச் சுற்றும், அவ்வளவுதான். பந்தயத்தில் முனையில் வெட்டித் திருப்பும்போது உள்சக்கரம் தரையை விட்டு லேசாகத் தூக்கும். சக்தி முழுக்க அந்தச் சக்கரத்துக்கே ஓடி அது வெறுமனே சுழலும். அப்போது ஸ்பைடர் சக்கரங்கள் தங்கள் கம்பியின்மேல் அசுர வேகத்தில் சுற்றும். அங்கே பேரிங் கிடையாது. கிரவுன் வாரி இறைக்கும் ஆயில்தான் கதி. மட்டம் குறைந்திருந்தால் கம்பி காய்ந்து பிடித்துக்கொள்ளும். பினியனின் முன் பேரிங்கும் அப்படித்தான். கிரவுன் தூக்கி எறிவது ஒரு வாய்க்கால் வழியாக அதற்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த வெற்றுச் சுழற்சியைத் தடுக்கத்தான் 1930-களில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்காக போர்ஷே கேட்டு, இஸட்.எஃப். நிறுவனம் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் செய்தது. பின்னாளில் வந்த கிளட்ச் தட்டு வகைக்கு ஆயிலில் இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று உதறும்.

அப்படியானால் நிறைய ஊற்றிவிடலாமே என்று தோன்றும். எங்கள் நண்பர் குழுவின் ஃபியட்டில் ஒரு வருஷம் ஒரு பையன் அதைத்தான் செய்தான். பந்தயத்துக்கு எக்ஸ்ட்ரா வேண்டும் என்று, காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவைத்து, ஓட்டை வழிய வழிய ஊற்றி மூடியைத் திருகிவிட்டான். நீண்ட ஓடுபாதையில் முழு வேகத்தில் போகும்போது கிரவுன் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கியது. சூட்டில் அழுத்தம் ஏறி, ஆக்சில் சீலைத் தாண்டி இடது பிரேக் டிரம்முக்குள் இறங்கியது. பிராக்டீஸில் முனையில் பிரேக் மிதித்ததும் வண்டி வலப்பக்கம் இழுத்து அரைவட்டம் அடித்து, நேரே வைக்கோல் கட்டில் போய் நின்றது. ஓட்டியவருக்குத் தோளில் அடி. கட்டு இல்லாத இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

கூட வந்த காசிமேட்டு மேஸ்திரி டிரம்மைக் கழற்றி மோந்து பார்த்தார். பையனைத் திட்டவில்லை. "இன்னா நைனா, அந்த ஓட்டை வாய் வரைக்கும்தான் அதுக்குப் பசி. மேல ஊத்துனா வாந்தி எடுக்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் கணக்கு. டிஃப்ரன்ஷியலுக்கு எஞ்சின் மாதிரி அளவுக்குச்சி கிடையாது. நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்புதான் அளவு. ஆகவே வண்டி நாலு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் முன்னால் ஓடி, ஓட்டை பொய் சொல்லும். ஓடி வந்தவுடன் பார்ப்பதும் கூடாது. மேலே ஒட்டியிருப்பது இறங்க அவகாசம் கொடுங்கள். பிறகு மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டு, நுனியைக் கீழே மடக்கிப் பாருங்கள். விளிம்பிலேயே ஈரம் பட்டால் சரி. ஆயிலை மாற்றப் போகிறீர்கள் என்றால் மேல் மூடியை முதலில் திறந்துவிட்டுத்தான் கீழே வடிக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

விரலில் வந்ததையும் வெளிச்சத்தில் பாருங்கள். மாவு மாதிரி மினுமினுப்பு என்றால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துகள் என்றால் பல் உடைகிறது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர்.

நம் பக்கத்தில் இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டிகள் ஆக்சில் மூழ்க நின்றன! ஓடிச் சூடாக இருக்கும் ஆக்சில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினைக் காயவைத்து ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷப்பட்டு எடுத்துப் போனவர்கள், சில மாதம் கழித்துப் பின்னால் ஊளைச் சத்தம் கேட்கிறது என்று வந்தார்கள். அதற்குள் பேரிங் துருப்பிடித்திருக்கும்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பாதை வந்தது, பந்தயமும் அங்கே போய்விட்டது. அதற்கு முன்பே மாருதி 800 வந்து, டிஃப்ரன்ஷியல் முன்பக்கக் கியர்பாக்ஸுக்குள் குடியேறி இரண்டுக்கும் ஒரே ஆயில் ஆகியிருந்தது. ஆனால் லாரி, டெம்போ, ஜீப் வகைகளில் அந்த இரும்புக் குடம் இன்னும் பின்னால்தான் தொங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்து, போன மழையில் தண்ணீரில் நின்றிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். திரும்ப மூடும்போது பழைய வாஷரைப் போடாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.