காவி உரிந்த கூரை

1940களில் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாற்பதடி ரயில் சரக்குப் பெட்டி பெரும்பாலும் தலைமுதல் கால்வரை காவிதான். இரும்பு ஆக்சைடு கலந்த அந்தப் பெயின்ட் மலிவு. வெயிலுக்கும் சட்டென்று வெளுக்காது. சில ரயில் கம்பெனிகள் கூரைக்கு மட்டும் தார் கலந்த கறுப்புப் பூச்சை அடித்தன. உள்ளே மாவு மூட்டை இருக்கும். ஒழுகினால் நஷ்டஈடு கட்ட வேண்டும். கூரையின் நிறம் அழகுக்காக வந்ததல்ல.

அந்தக் கூரையின் தகடு துத்தநாக முலாம் பூசிய எஃகு. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய முலாமே பெயின்டுக்குப் பகையானது. எண்ணெய்ப் பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, இடையில் சோப்பு போன்ற படலம் ஒன்று உண்டாகும், பிடிப்பு விட்டுப்போகும். சில வருஷங்களில் காவி பொருக்குப் பொருக்காக உரிந்து, அடியில் இருக்கும் வெள்ளிச் சாம்பல் தெரியும். பக்கச் சுவர் முலாம் பூசாத எஃகு என்பதால் அங்கே காவி அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு நீராவி எஞ்சின் கக்கிய கரி கூரைமேல் படியும். பிரேக்மேன் நடப்பதற்காகக் கூரை நடுவே போட்ட பலகை மழையிலும் வெயிலிலும் தனி நரையாக வெளிறும்.

தண்டவாளத்தின் அருகே நிற்பவர் கண்ணுக்கு இதெல்லாம் எட்டாது. 1942 டிசம்பரில் அரசுப் புகைப்படக்காரர் ஜாக் டெலானோ சிகாகோவின் புரோவிசோ ரயில் யார்டை உயரத்திலிருந்து கோடாக்ரோம் வண்ணச் சுருளில் எடுத்தார். நூற்றுக்கணக்கான பெட்டிகளின் முதுகு வரிசை வரிசையாக அதில் கிடைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் அந்தப் படங்கள் மாடல் ரயில் கட்டுபவர்களுக்கு இன்றும் சாட்சி.

அவர்களுக்குச் சாட்சி தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது, அந்தப் பெட்டி சுமார் 14 செ.மீ. நீளம்தான். மேஜைமேல் ஓடும் ரயிலை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். நிஜத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத கூரைதான் இங்கே முதலில் கண்ணில் படுகிறது.

உரிந்த காவியைக் கொண்டுவர வரலாற்றையே அதே வரிசையில் திரும்பச் செய்கிறார்கள். முதலில் முலாமின் சாம்பல் நிறம். காய்ந்ததும் அதன்மேல் தலைமுடி ஸ்பிரே. பிறகு ஏர்பிரஷில் மெல்லிய காவி. சற்று உலர்ந்த பின் ஈரத் தூரிகையால் தட்டித் தேய்த்தால், ஸ்பிரே இளகி, காவி சில்லுச் சில்லாக வரும். தேய்ப்பதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி.

பிற்காலத்தில் பல கூரைகளைப் பெயின்டே அடிக்காமல் முலாமோடு விட்டார்கள். பக்கத்துக்கு அடித்த பெயின்டின் தூவல் மட்டும் ஓரத்தில் ஒட்டியிருக்கும். 1966-க்குப் பிறகு கட்டிய பெட்டிகளில் நடைபலகையும் போயிற்று.

ஆகவே, கூரை என்ன நிறம் என்று கேட்பவர் முதலில் இரண்டு வருஷங்களைச் சொல்ல வேண்டும்: மேஜையில் ஓடுவது எந்த வருஷம், பெட்டி கட்டியது எந்த வருஷம். 1950-ஐக் காட்டும் ரயிலில் 1949-இல் கட்டிய பெட்டிக்குக் காவி கலையக் கூடாது. 1937 பெட்டிக்குக் கலையாமல் இருந்தால், அண்மையில் மறுபூச்சு நடந்திருக்க வேண்டும். கட்டிய மாதமும் வருஷமும் பெட்டியின் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தூரிகையை எடுப்பது நல்லது.