கொழுப்புத் தடுப்பு மருந்தும் வாவிக்கரைச் சோற்றுக் கோப்பையும்

உடல் எடையைக் குறைக்க வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளுள் ஓர்லிஸ்டாட் தனி வகையானது. அது பசியைத் தொடுவதில்லை. உண்ட கொழுப்பில் ஒரு பங்கை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஆகவே அதன் பயனை அளக்க, உட்கொள்பவர் என்ன உண்கிறார் என்பது முதலில் தெரியவேண்டும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சோறே பிரதான உணவு. உணவுப் பழக்கத்தை விசாரித்து, கால எல்லை வகுத்துக் கொடுத்தால்தான் இம்மருந்து இங்கு பயன்தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருந்தின் செயல்

உணவிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி டிரைகிளிசரைட் வடிவில் இருக்கிறது. இரைப்பையிலும் கணையத்திலும் சுரக்கும் லைப்பேஸ் நொதிகள் அதைச் சிதைத்தால்தான் குடற்சுவர் உறிஞ்ச முடியும். ஓர்லிஸ்டாட் அந்நொதிகளின் செயல்மையத்தில் பிணைந்து அவற்றை முடக்குகிறது. 120 மில்லிகிராம் மருந்தைப் பிரதான உணவோடு, அல்லது உண்ட ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால், உணவுக் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் மலத்தோடு வெளியேறும். மருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

2004இல் வெளியான சுவீடன் நாட்டு ‘ஸென்டோஸ்’ ஆய்வு 3,305 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. மருந்து எடுத்தோர் சராசரி 5.8 கிலோவும், போலி மருந்து எடுத்தோர் 3.0 கிலோவும் இழந்தனர். நீரிழிவு கண்டோர் முறையே 6.2 சதவீதம், 9.0 சதவீதம். இரு சாராருக்கும் கலோரி குறைத்த உணவும் உடற்பயிற்சி ஆலோசனையும் கிடைத்தன என்பதை மறக்கலாகாது. மருந்தில்லாமலே கிடைத்த 3 கிலோ அந்த ஆலோசனையின் பலன்.

வாவிக்கரைக் கணக்கு

அந்த ஆய்வில் விதிக்கப்பட்ட உணவின் சக்தியில் 30 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது. நாளுக்கு 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அது 67 கிராம் கொழுப்பு. மருந்து அதில் 20 கிராமைத் தடுத்தால் 180 கிலோகலோரி மிச்சம். சோறு மிகுந்து கொழுப்பு 20 சதவீதமாக உள்ளவருக்கு மிச்சம் 120 கிலோகலோரிதான். ஒரு கப் சோற்றைக் குறைத்தால் ஏறத்தாழ 200 குறையும். சோற்றையும் பிளேன்டீயில் போடும் சீனியையும் இந்த மருந்து தொடாது.

இங்குள்ள கொழுப்பின் ஊற்று தேங்காய். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு உண்டு; பிழிந்த முதற்பாலில் அது செறிந்திருக்கும். காலையில் இடியப்பமும் சம்பலும் பாற்சொதியும், மதியம் இறால் பாற்கறி, மாலையில் பொரித்த வடை என்று உண்பவரின் கணக்கு வேறு. தண்ணிப்பாலில் மீன் ஆணம் வைத்து உண்பவரின் கணக்கு வேறு. முன்னவருக்கு மருந்து கைகொடுக்கலாம். பின்னவர் வீணே செலவழிப்பார்.

கொழுப்பான புரியாணி உண்டால் எண்ணெய்க் கழிவும் அடக்கமுடியாத மலவுணர்வும் வரும். அந்தச் சங்கடமே நல்ல பழக்கத்தைக் கற்பிக்கும் என்று வாதிடுவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பாடம் கொழுப்பைப் பற்றியது மட்டுமே. கொழுப்பைக் குறைத்து இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொள்பவரை மருந்து எச்சரிக்காது. முன்கூட்டி விளக்காவிட்டால், சங்கடப்பட்டவர் வைத்தியரிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுவார்.

யாருக்கு, எப்படி?

2005–2006 தேசிய ஆய்வின்படி, இலங்கையில் வயதுவந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருந்தது. ஸென்டோஸ் ஆய்வில் குளுக்கோஸ் சகிப்புத்தன்மை குறைந்திருந்தோரில், நீரிழிவு கண்டவர் விகிதம் போலி மருந்து எடுத்தோரிடையே 28.8 சதவீதம், மருந்து எடுத்தோரிடையே 18.8 சதவீதம். எனவே இம்மருந்துக்கு முதல் உரிமை நீரிழிவின் வாசலில் நிற்கும் பருமனானவர்களுக்கே.

உடல் நிறைச் சுட்டி 30க்கு மேல், அல்லது ஆபத்துக் காரணிகளோடு 27க்கு மேல் என்பது வழமையான அளவுகோல். ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குவதாக 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சுட்டியது. அந்த இடைப்பட்டோருக்கு உணவு ஆலோசனையே முதல் சிகிச்சை.

12 வாரங்களில் 5 சதவீத எடை குறையாவிட்டால் மருந்தைத் தொடர்வது பற்றி மறுபரிசீலனை வேண்டும். ஏ, டி, ஈ, கே விற்றமின் குளிசையைப் படுக்கும்போது எடுக்கவேண்டும். தைரொயிட் குளிசைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வார்ஃபரின் எடுப்போருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் கூடுதல் கண்காணிப்பு அவசியம். உணவைத் தவறவிட்டால் அந்த வேளை மருந்தும் தேவையில்லை. ஆகவே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ நோன்பிருப்பவருக்கு மருந்து வேளைகள் சஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப மாறவேண்டும்.

மருந்துச் சீட்டை எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: நாளுக்கு எத்தனை தேங்காய், எத்தனை கப் சோறு, எத்தனை கரண்டி சீனி? கூட்டம் நெரிக்கும் கிளினிக்கில் வைத்தியருக்கு நேரமில்லையெனில், தாதியோ போசணை ஆலோசகரோ கேட்கட்டும். அந்தப் பதில்கள் இல்லாத சீட்டு நோயாளியின் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருசேரக் கரைத்துவிடும்.