கையை விடுவித்த பை



மனிதனுக்கு இரண்டு கைகள். ஒரு கை ஊன்றுகோலைப் பிடித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். இரு கக்கத்திலும் கட்டைகளை வைத்து நடப்பவருக்கோ, சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்பவருக்கோ அந்த ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்க் கொஞ்சம் சீனி வாங்கி வருவதற்கு இவர்களுக்குக் கால் மட்டும் தடையன்று. கை ஓய்வாக இல்லாததும் தடையே. இந்தத் தடையை நீக்கும் எளிய பொருள் ஒன்று உண்டு. கையில் பிடிக்காமல், உடலிலோ நாற்காலியிலோ மாட்டிக்கொள்ளும் பைதான் அது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக உள்ள ஆல்ப்ஸ் மலையில், பனியில் உறைந்து கிடந்த ஓர் ஆணின் உடல் கிடைத்தது. அவர் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 'ஓட்சி' என்று அவருக்குப் பெயரும் வைத்தார்கள். அவருடைய இடுப்பு வாரில் கன்றுத் தோலால் தைத்த சிறு பை இருந்தது. சுரண்டும் கல், துளையிடும் கல், எலும்பால் செய்த குத்தூசி, தீ மூட்ட உதவும் காய்ந்த காளான் ஆகியவை அதில் இருந்தன. இன்னொரு செய்தியும் உண்டு. அவருக்கு வயது 45 அளவில் இருக்கலாம். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டுகள் தேய்ந்திருந்தன. அப்படிப்பட்டவர் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறார். வேண்டிய சிறு கருவிகள் இடுப்பிலேயே இருந்தமையால், அவற்றைச் சுமக்க அவருக்குக் கை தேவைப்படவில்லை.

ஆகவே, கைக்கு ஓய்வு தரும் பை புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் பாட்டிமார் வெற்றிலையையும் சில்லறையையும் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கேமரன் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இரு கைகளாலும் கிள்ளினார்கள். உழைப்பவர்களுக்கு இந்த உண்மை எப்போதும் தெரியும்.

ஆனால் நாகரிகம் சில வேளைகளில் இதை மறந்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெண்கள் நாடாவில் கோத்த துணிப்பையைப் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பாவாடையில் உள்ள திறப்பு வழியாகக் கையை விட்டுப் பொருளை எடுப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய, ஒடுங்கிய உடை வழக்கத்திற்கு வந்தது. உள்ளே கட்டிய பை வெளியே புடைத்துத் தெரிந்ததால், பலர் சிறு கைப்பைக்கு மாறினார்கள். அழகு கூடியது; ஒரு கை கட்டுண்டது.

இனி, நடக்க இயலாதவர்களின் கதைக்கு வருவோம். 1655-இல் ஜெர்மனியில் ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்னும் கடிகாரத் தொழிலாளி, கால் இயங்காத நிலையில், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தமக்காகவே செய்துகொண்டார். ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்னும் சுரங்கப் பொறியாளர் 1918-இல் சுரங்க விபத்தில் சிக்கிக் கால்களின் இயக்கத்தை இழந்தார். அவரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்சும் 1933-இல் அமெரிக்காவில், மடித்துக் காரில் வைக்கக்கூடிய எஃகுக் குழாய் நாற்காலியை உருவாக்கினார்கள். தேவையை அனுபவித்தவர்களே வழியையும் கண்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் நாற்காலி உருள வேண்டுமானால் இரு கைகளும் சக்கரத்தில் இருக்க வேண்டும். பொருளுக்கு இடம் வேறெங்கோ தேட வேண்டியதாயிற்று.

அந்த இடத்தை நாமும் அறிந்து வைப்பது நல்லது. சக்கர நாற்காலியின் பின்புறக் கைப்பிடியில் கனமான பையை மாட்டினால், மேட்டில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயக்கூடும். இருக்கைக்கு அடியிலோ, கைச்சட்டத்தின் பக்கத்திலோ பையைக் கட்டுவது மேல். நாடா சக்கரத்தில் சிக்கக் கூடாது. நான்கு கால் நடைச்சட்டம் பிடித்து நடப்பவருக்கு அதன் முன்புறத்தில் இலேசான பை போதும். பாரம் மிகுந்தால் சட்டம் முன்னே கவிழும். கட்டை ஊன்றுபவர் ஒரு தோளில் பையைத் தொங்கவிட்டால் அது ஊசலாடி நிலை தடுமாறச் செய்யும். இரு தோளிலும் மாட்டி, முதுகோடு ஒட்டியிருக்கும் பையே ஏற்றது. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு வாய் அகன்ற பையாக இருக்கட்டும்; சிப்பில் ஒரு வளையம் கோத்துவிட்டால் ஒரு விரலால் இழுத்துத் திறக்கலாம். வீட்டில் உள்ள பழைய கெட்டித் துணியே இதற்குப் போதும்.

ஐக்கிய நாடுகள் மன்றம் 1981-ஐ அனைத்துலக உடற்குறையுள்ளோர் ஆண்டாக அறிவித்தது. முழுப் பங்கேற்பும் சமத்துவமும் அதன் நோக்கம். மலேசியாவிலும் 2008-இல் இவர்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும். உள்ளே நாம்தான் நடந்துகொள்ள வேண்டும்.

"நீங்கள் உட்காருங்கள் தாத்தா, நான் வாங்கி வருகிறேன்" என்று சொல்வது அன்புதான். அதையே நாள்தோறும் சொன்னால் அவர் நாற்காலியோடு கட்டுண்டு போவார். தம் அடையாளக் கார்டும், மருந்தும், பத்து வெள்ளியும் தம்மிடமே இருக்கும் மனிதர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தம் பணம் பிறர் கையில் இருப்பவரோ ஒரு தேநீருக்கும் கேட்டு நிற்க வேண்டும். ஒரு முழத் துணியும் நான்கு நாடாவும் இந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும்.

பெற்றோர்களே, பிள்ளைகளே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், எங்கே மாட்டினால் வசதி என்று முதலில் அவரையே கேளுங்கள். பிறகு ஊசியையும் நூலையும் எடுங்கள்.