திரையில் ழகரம் வரைந்தவர்கள்



"ஐயா, கணினிக்குத் தமிழ் தெரியாதா?"

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. "தெரியும்... ஆனால் இன்னும் பழகவில்லை" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் கணினியில் படம் வரையும் நிரலாக்கத்தை நானே கற்றுக்கொண்டேன். விடையை நமக்கு ஆக்கித் தந்தவர்கள் யார் என்ற வரலாற்றையும் அந்தத் தேடலில்தான் அறிந்தேன். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு அது.

நெல்வயலில் முளைத்த தொழிற்சாலை

பினாங்கு மண்ணுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது. அதையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இது முதற்பெருமை. 1972ஆம் ஆண்டில், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுத் தொழிற்சாலையை இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாசில் தொடங்கியது. அன்று சுற்றிலும் நெல்வயல்கள். இது இரண்டாம் பெருமை.

என் தாய்மாமன் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லோடு இணைக்கும் பெண்களைப் பற்றி வீட்டில் கதை கதையாகச் சொல்வார். அவர்களில் தமிழ்ப்பெண்களும் பலர். உலகத்துக் கணினிகளுக்குச் சில்லு செய்து கொடுத்த ஊர் இது. ஆனால், அந்தப் பெண்கள் தம் பெயரைத் தம் தாய்மொழியில் அந்தக் கணினியின் திரையில் பார்க்க முடியவில்லை. இருநூறாண்டுப் பள்ளிப் பெருமையும் சில்லுப் பெருமையும் ஒரே தீவில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை!

தலைகீழாய் நின்ற எழுத்து

1990களின் தொடக்கத்தில் மாமன் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே பேசிக் மொழி நூல் ஒன்று; அட்டை கிழிந்தது. வகுப்புக்குப் போகவில்லை; கேட்டறிய ஆளும் இல்லை. இரவில் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்த பிறகு, ஒவ்வொரு கட்டளையாய்த் தட்டிப் பார்ப்பேன். ஒரு கட்டளை புள்ளி வைத்தது, ஒன்று கோடிழுத்தது, ஒன்று வட்டம் வரைந்தது. போதாதா? தமிழ் எழுத்து என்பது புள்ளியும் கோடும் வளைவும்தானே!

கட்டத்தாளில் 'ழ' எழுதினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடையெண், நெட்டெண் குறித்தேன். அவற்றை நிரலில் இட்டு ஓட்டினேன். எழுத்து தலைகீழாய் வந்தது!

என்ன பிழை? கணித வகுப்பில் நாம் நெட்டெண்ணைக் கீழிருந்து மேலே எண்ணுகிறோம். கணினித் திரையோ இடப்பக்க மேல்மூலையைச் சுழியமாகக் கொண்டு கீழ்நோக்கி எண்ணுகிறது. அதைத் திருத்தியதும் எழுத்து நேராய் நின்றது. ஆனால் ஒல்லியாய் நீண்டிருந்தது. அந்தத் திரைமுறையில் குறுக்கே 320 புள்ளிகள், நெடுக்கே 200 புள்ளிகள். அகலத்துக்கும் உயரத்துக்கும் நாலுக்கு மூன்று என்ற அளவில் அமைந்த திரையில் அவற்றை நிரப்பினால், ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இராது. அகலத்தைவிட உயரம் கூடியிருக்கும். என் கட்டத்தாளோ சதுரக் கட்டம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆயினும், அந்த ஒரு வாரத்தில் கற்றதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ணகரம் ஏன் அடங்கவில்லை?

அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடம் எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆங்கில எழுத்து அதில் சிக்கலின்றி அமர்ந்துவிடும். நம் 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுழிக்கு இடப்புறம் ஒரு புள்ளி, நடுவே ஒரு வெற்றிடம், வலப்புறம் ஒரு புள்ளி வேண்டும். அடுத்தடுத்த வளைவுகள் விளிம்பைப் பகிர்ந்துகொண்டாலும், மூன்றுக்கு ஏழு கட்டம் போய்விடும். பிறகு எழுத்தின் கால் எங்கே நிற்பது? அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க இடைவெளி எங்கே விடுவது?

இடச்சிக்கல் அதோடு முடியவில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நம் எழுத்துகள் 247. அக்கணினிகளில் எழுத்துகளுக்கு இருந்த மொத்த இடமோ 256. அதில் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டது. எஞ்சிய 128 இடத்தில் தமிழ் முழுவதையும் அடக்க வேண்டும். ஆகவே கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டனர். 'கொ' என்று காட்ட மூன்று துண்டுகளை வரிசையாக அடுக்கினர். எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது? ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்தனர். பிற்காலத் தொல்லைக்கெல்லாம் இதுவே வித்து.

தாமே கற்றவர்களின் வரிசை

இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்கள் யார்? பெரிய நிறுவனங்கள் அல்ல. வேறு வேறு தொழில் பார்த்துக்கொண்டு, மொழிப்பற்றால் இரவுகளைச் செலவிட்ட தனிமனிதர்கள்.

இவர்களுக்கு முன்னோடியாக யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையாவைச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணியாற்றிய அவர், தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்தார். மேலேயுள்ள குறியை அடித்தால் தாள் நகராமல் நிற்கும் 'நகரா விசை' இருந்ததால்தான், பொறியில் தமிழைத் தட்ட முடிந்தது.

கணினிக் காலத்தில், 1980களில் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம், 'மயிலை' எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தை 1998இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். எழுத்துரு வரைவது அவருடைய தொழிலன்று!

சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியை ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். அவர் தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். கணினித்துறையில் பயின்று வந்தவர் அல்லர். 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளம் வெளிவந்தபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் அவர். 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். 1999இல் மறைந்தார்.

நம் நாட்டவரான முத்து நெடுமாறன் கேரித்தீவு மண்ணிலிருந்து வந்தவர். அவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் தமிழாசிரியர், கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாகத் தொகுத்தவர். மகன் படித்தது பொறியியல். எழுத்துருக் கலையைத் தம் முயற்சியால் கற்று, 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த 'செல்லினம்' 2005இல் வெளியானது. ஆப்பிள் கணினிகளில் 'எம்.என்.' என்ற ஈரெழுத்தோடு முடியும் எழுத்துருக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள். தமிழுக்கு மட்டுமன்று, மலையாளம், சிங்களம் போன்ற மொழிகளுக்கும் அவர் வரைந்திருக்கிறார்.

உலகளவிலும் இப்படித்தான். அமெரிக்கக் கணினியறிஞர் டொனால்ட் நூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மையைக் கண்டு மனம் வருந்தினார். 1977இல் தாமே எழுத்து வரையும் நிரலை எழுதத் தொடங்கினார். எழுத்தோவியர்களிடம் மாணவரைப்போல் கற்றார். இன்றைய எழுத்துருக்களின் வளைவுகளுக்கு அடிப்படையான கணிதமும் அச்சகத்தில் பிறக்கவில்லை. பிரான்சில் சித்ரோயன், ரெனோ ஆகிய மகிழுந்து நிறுவனங்களில் பிறந்தது. மகிழுந்தின் உடல் வளைவை வரைய தெ காஸ்தெல்ஜோ, பெசியே என்ற இருவர் கண்ட வழிதான், இன்று நம் ழகரத்தின் வளைவையும் வரைகிறது.

பாட்டியின் கோலமும் நிரலே

1974ஆம் ஆண்டில், கணினி வரைகலைக்கென வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் கோலத்தைப் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன். வாசலில் நம் பெண்கள் இடும் புள்ளிக்கோலத்துக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது, அதைக் கணினிக்கு உரிய விதிகளாக எழுதலாம் என்று அவர்கள் காட்டினர்.

இதைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டத்தாளும் நிரல்நூலும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திண்டாடினேனே, என் பாட்டி எந்த நூலையும் பாராமல் நாள்தோறும் விடியலில் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்! எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, கோடு எங்கே வளைந்து எங்கே மீளும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

பாழான இதழும் மீண்ட கட்டுரையும்

இனி, என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியில், எங்கள் பள்ளி ஆண்டிதழை நானே கணினியில் தட்டித் தொகுத்தேன். அக்காலத்து எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தினேன். நெகிழ்வட்டில் சேமித்தேன், பின்னர் குறுந்தட்டுக்கு மாற்றினேன். தமிழை என்றென்றைக்கும் காப்பாற்றிவிட்டதாக எண்ணம்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். "ஐயா, அந்த இதழில் என் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேனே, இருக்கிறதா? என் மகளுக்குக் காட்ட வேண்டும்" என்றார். அச்சுப்படி எதுவும் எஞ்சவில்லை. கோப்பைத் திறந்தேன். திரை நிறைய ஐரோப்பியக் குறிகளும் புரியாத கிறுக்கல்களும்! அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. ஒருவர் தம் விருப்பப்படி எண்களில் வைத்த துண்டுகள், அவருடைய எழுத்துரு இல்லாதபோது வெறும் எண்களாய் நின்றன.

அவரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். கோப்பின் முதற்பக்கத்தில் திருக்குறள் இருந்தது என் நினைவில் இருந்தது. அதை வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டேன். அட்டவணை போட்டேன். மாற்றித் தரும் சிறு நிரல் எழுதினேன். அப்போதும் சொற்கள் சிதைந்தே வந்தன. ஏனெனில், பழைய முறையில் கொம்பு முதலில், மெய் பிறகு. கண்ணுக்குத் தெரியும் வரிசை. ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பிறகு. வாய் ஒலிக்கும் வரிசை. இடத்தை மாற்றும் நான்கு வரிகளைச் சேர்த்ததும் தாத்தா எழுந்து வந்தார்! தோட்டத்தில் பால்மரம் வெட்டியதும், பேரனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுவந்ததும் வரிக்கு வரி தெளிவாய்த் தெரிந்தன.

படித்துவிட்டு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஐயா, கணினிக்குத் தமிழ் தெரியாதா என்று அன்று உங்களிடம் கேட்டவன் நான்தான்" என்றார்.

நாம் செய்ய வேண்டியது

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அது கணினிகளில் நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது. அதனாலேயே நம் பிள்ளைகள் அதை இயல்பாய்க் கிடைத்த ஒன்று என்று எண்ணிக்கொள்கின்றனர்.

ஆசிரியர்களே, உங்களிடம் பழைய எழுத்துருவில் பள்ளி இதழ்களோ தேர்வுத்தாள்களோ மாணவர் படைப்புகளோ இருந்தால், இன்றே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். அச்சிலும் ஒரு படி வைத்திருங்கள். குறள் ஒன்று நினைவில் இருந்ததால் நான் தப்பினேன். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

பெற்றோர்களே, நிரலாக்கம் கற்க ஆங்கிலமும் கட்டண வகுப்பும் கட்டாயம் என்று எண்ண வேண்டாம். தமிழ்ச்சொற்களாலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழி உண்டு. அதற்கும் முன்னால், ஒரு கட்டத்தாளும் ஒரு பென்சிலும் போதும். பிள்ளையின் பெயரின் முதலெழுத்தைப் புள்ளிகளால் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதைத் திரையில் கொண்டுவர முயலட்டும்.

எழுத்து தலைகீழாய் வந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.