கேதாரகௌரி: பாதி உடல் கேட்டவளின் விரதம்

கேதாரகௌரி விரதம் கணவனின் ஆயுளுக்காக மனைவி பிடிக்கும் விரதம் என்றே நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சல்லடைக்குள்ளால் நிலவு பார்க்கும் கர்வா சௌத் காட்சிகளை இந்திப் படங்களில் கண்டு வளர்ந்த ஜேர்மனிப் பிள்ளைகளும் இரண்டும் ஒன்றென்றே எண்ணுகிறார்கள். எமது விரதக் கதை சொல்வது வேறு.

பிருங்கி முனிவர் உமையை ஒதுக்கிவிட்டுச் சிவனை மட்டும் வலம் வந்தார். சினந்த தேவி அவர் உடலிலிருந்த தன் சக்தியை எடுத்துக்கொண்டாள். தள்ளாடிய முனிவருக்குச் சிவன் மூன்றாவது கால் கொடுத்து நிறுத்தினார். அதாவது, கணவன் அவமதித்தவன் பக்கம் நின்றான்! தேவி கைலாயத்தை விட்டு வெளியேறிக் கௌதமரின் ஆச்சிரமத்தை அடைந்தாள். அவர் சொல்லிக்கொடுக்க அவள் நோற்றதே இவ்விரதம். அவள் கேட்டது கணவனின் ஆயுளை அல்ல. அழிவில்லாதவனுக்கு ஆயுள் எதற்கு? அவன் உடலில் பாதியைக் கேட்டாள். இடப்பாகம் கிடைத்தது.

அந்த உருவம் மிகப் பழையது. குஷாணர் காலத்து மதுராச் சிற்பங்களிலேயே அர்த்தநாரி உண்டு. 6ஆம் நூற்றாண்டு வாதாபிக் குடைவரையில் அர்த்தநாரியின் அருகே பிருங்கி எலும்புக்கூடாக நிற்கிறார். தமிழகத்தில், சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடிய திருச்செங்கோட்டில் மூலவரே மாதொருபாகன்தான்.

புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடிய 21 நாள். அந்த எண்ணே 21 இழை நூலிலும், 21 முடிச்சிலும், படைக்கும் 21 அதிரசத்திலும் வருகிறது. தொழிற்சாலையில் மாறிமாறி வேலை செய்யும் எம் பெண்களில் பலர் கடைசி நாளை மட்டும் பிடிக்கிறார்கள். அது குறையல்ல.

1983க்குப் பின் எம்மவர் இங்கு வந்தபோது, அகதி விண்ணப்பதாரர் தமக்குரிய மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேற 1982ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. கோயிலும் இல்லை. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலுமாகக் கிடந்த குடும்பங்கள் எத்தனை! அப்போது காப்பு நூல் அறையில் வைத்த சாமிப்படத்தின் முன்னேதான் கட்டப்பட்டது. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் வழிபாடு 1989இல் சிறிதாகத் தொடங்கி, 2002 யூலையில் பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. காமாட்சியும் காஞ்சியில் தவமிருந்து சிவனை அடைந்தவளே.

இன்றும் சிலர், இது சுமங்கலிகளின் விரதம் என்று சொல்லி யுத்தத்தில் கணவரை இழந்த பெண்களைத் தள்ளி நிற்க வைக்கிறார்கள். கதையில் அதற்கு இடமில்லை. எமது வழக்கத்திலும் இல்லை. ஈழத்தில் மணமாகாத பெண்களும் இவ்விரதம் பிடிப்பார்கள், ஆண்களும் காப்புக் கட்டுவார்கள்: பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை. சுமங்கலிக்கு மட்டுமே உரியதென்றால், அப்பாவின் வலக்கையில் அந்த மஞ்சள் நூல் எப்படி வந்தது?